தளபதியின் கைப்பட்டை

கழிவுநீர்க் குழாயின் மேல் ஃபோம் துண்டை வளைத்து ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கையால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வாரனின் போன் அடித்தது. எடுக்க மூன்றாவது கை இல்லை. அந்த வீட்டின் மூன்றாவது, நான்காவது கைகளாக இருந்த அவன் மனைவி மெரில் முந்தாநாள் விடியலில் பர்னி மருத்துவமனையில் இறந்துபோயிருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தது. ஸ்டோவர்முனையில் இப்படி விடாமல் அடிக்கிற ஆள் ஒருத்திதான்: மெரிலின் அக்கா கிளெனிஸ், நகரசபையின் துணை மேயர். தன் அழைப்பை எடுக்காமல் விடுவது நகரசபைத் தீர்மானத்தை மீறுவதற்குச் சமம் என்பது அவள் எண்ணம். கல்யாணமான நாள் முதல் வாரன் அதை மீறிக்கொண்டுதான் இருந்தான்.

சூடு ஏறி ஃபோமின் மேல்பரப்பு லேசாக மினுங்கியது. அதுதான் பதம். குழாயோடு சேர்த்து அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டான். பிளம்பர் வீட்டில் குழாய்க்குப் பஞ்சமில்லை. கராஜில் கிடந்த ஒவ்வொன்றையும் மெரிலின் முன்கை அச்சுக்குள் விட்டுப் பார்த்து, இதுதான் அவள் கை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தான். அது கக்கூஸ் லைனுக்குப் போடுகிற குழாய். மெரில் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். கிளெனிஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் முறை அடித்தபோது மூக்கு நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"அந்த நேவி ப்ளூ கவுனை எடுத்து வெச்சிட்டியா?" என்றாள் கிளெனிஸ். "முத்துமாலை எங்கிட்ட இருக்கு."

"அவ அதைப் போட மாட்டா."

"வாரன், அவ இப்ப எதையும் வேணாம்னு சொல்ற நிலைமையில இல்லை."

"அதனாலதான் நான் சொல்றேன்."

அந்தப் பக்கம் நகரசபைக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் எழுந்து நிற்கும்போது வருகிற மாதிரி ஒரு பெருமூச்சு. பிறகு, மதியம் ஈமச்சடங்கு நிலையத்து ஜூலியன் வரச்சொல்லியிருக்கிறார், தாமதிக்காமல் வந்து சேர், கையைக் கழுவிவிட்டு வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மெரிலுக்கு ஐம்பது கடந்த பிறகு பிடித்த பைத்தியம் இது. கார்ட்டூனில் வரும் ஆட்களைப் போல உடை தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஹாலில் கூடுவார்கள். காஸ்ப்ளே என்று பெயர். ஹோபார்ட், லான்செஸ்டன், கடல் தாண்டி மெல்பர்ன் வரைக்கும் போனார்கள். மெரில் உடை போடுவாள், வாரன் பை தூக்குவான். பையில் பசை, ஊக்கு, நூல்கண்டு, கத்தரி, ஹாம் சாண்ட்விச். ஏதாவது பிய்ந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். முதல் வருடம் வெட்கமாக இருந்தது. இரண்டாம் வருடம், சிறகு உடைந்து நின்ற ஒரு வங்கி மேனேஜரை அதே பசையால் காப்பாற்றினான். அதற்குப் பிறகு வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

இந்த வருடம் அவள் தேர்ந்தெடுத்தது ஒரு ஜப்பானியத் தொடரில் மூன்றே வாரம் வந்து செத்துப்போகிற ஆற்றுத்துறைத் தளபதி. அந்தத் தொடரிலேயே அகன்ற இடுப்புள்ள பெண் அவள் ஒருத்திதான் என்பது மெரில் சொன்ன காரணம். நீள அங்கி, இடுப்புப் பட்டை, தலைத்துணி எல்லாமே துணி. கவசம் என்று இருப்பது முன்கை இரண்டிலும் கட்டுகிற கைப்பட்டை மட்டும்: உள்ளே ஃபோம், மேலே வெல்வெட், மணிக்கட்டுப் பக்கத்து விளிம்பில் கட்டைவிரலை நோக்கி ஏறுகிற ஓர் அலை. அந்த அலைதான் தளபதியின் அடையாளம். மற்றதையெல்லாம் தைத்து முடித்துவிட்டாள். கைப்பட்டைக்கு முன்னால் கணையத்தில் வந்த புற்று முந்திக்கொண்டது.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் கைக்கு அச்சு எடுத்தார்கள். முன்கையில் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பேப்பர் டேப்பை இறுக்கமாக ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, வெட்டிக் கழற்றினால் கையின் ஓடு அப்படியே வந்துவிடும். இடக்கையில்தான் எடுக்க முடிந்தது. வலக்கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அலையை மெரிலே வரைந்தாள், நடுங்காமல். வலதுக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டபோது, அப்புறம் சொல்கிறேன் என்றாள். அதற்குள் ஒரு நர்ஸ் வந்து, இந்தக் கட்டுப் போட யார் சொன்னது என்று சண்டைக்கு நின்றாள்.

"முடிச்சிடு, என்ன?" என்று மட்டும் மெரில் சொன்னாள். "அதைப் போட்டுட்டுத்தான் போகணும்." எங்கே போக என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மெல்பர்ன் விழா இன்னும் பத்து நாளில் இருந்தது.

*

ஜூலியனின் அட்டையில் 'வாழ்க்கைக் கொண்டாட்ட நெறியாளர்' என்று போட்டிருந்தது. குரலைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த ஆள். சாவு என்ற சொல் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து பல வருடம் ஆகியிருக்கும். அங்கே யாரும் சாவதில்லை, நிறைவடைகிறார்கள். பெட்டி பெட்டியில்லை, ஓய்வுத் துணை. பிணத்தைக் குளிப்பாட்டி வைத்திருக்கிற அறைக்கு 'அமைதிக் கூடம்' என்று பித்தளைப் பலகை. அதன் குளிர்சாதனப் பெட்டி மட்டும் இந்தக் கொள்கைகளை மதிக்காமல் பழைய லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸரின் கால் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று வாரன் நினைத்துக்கொண்டான்.

கிளெனிஸ் கறுப்புக் கோட்டில், முத்துமாலைப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மேயர் வருகிறார், ரோட்டரி ஆட்கள் வருகிறார்கள், மெரில் ஒரு கண்ணியமான குடும்பத்துப் பெண்ணாகத்தான் படுத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய வாதத்தின் சுருக்கம். வாரன் மடித்துக் கொண்டுவந்திருந்த அங்கியை மேஜைமேல் விரித்தான். தையலைப் பார்த்துக் கிளெனிஸின் விரல் தன்னையறியாமல் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

ஜூலியன் தொண்டையைச் செருமினான். உடை தனித்துவமானது, அவரது ஆளுமையின் வெளிப்பாடு, நிறுவனம் வரவேற்கிறது. ஆனால் ஃபோம், ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் தகன உலைக்குள் போகக் கூடாது, புகை விதி. இதை 'எங்கள் பசுமை உறுதிமொழி' என்று சொன்னான். அங்கியின் கை நீளமாகத்தானே இருக்கிறது, கைப்பட்டை இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஆறுதல் சொன்னான்.

"கைப்பட்டை இல்லாட்டி அவ தளபதி இல்லைங்க," என்றான் வாரன். "நைட்டி போட்ட பொம்பளை."

கிளெனிஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

"பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி ஃபோமை மட்டும் உருவி எடுத்துட்டா?" என்று வாரன் கேட்டான். "துணி அப்படியே கையில இருக்கும். காட்டன் வெல்வெட்டு. எரியும்."

ஒட்டியிருந்தால் எப்படி உருவுவது என்றான் ஜூலியன். ஒட்டப் போவதில்லை, தலையணை உறை மாதிரி பை தைத்து, முழங்கைப் பக்கம் வாய் விட்டு, உள்ளே செருகப் போகிறேன் என்றான் வாரன். அந்த நிமிடத்தில்தான் அது அவனுக்கே தோன்றியது. ஆனால் போன மாதமே யோசித்து வைத்ததைப் போலச் சொன்னான்.

கிளெனிஸ் எழுந்துகொண்டாள். "சரி, ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் காலையில அவளுக்கு உடுத்திவிடறதுக்குள்ள எல்லாம் முழுசா, ஒழுங்கா இருந்தா அது. ஒண்ணு குறைஞ்சாலும் கவுனு. அரைகுறை வேஷத்துல என் தங்கச்சியைப் படுக்க வைக்க விடமாட்டேன்."

"ஆகட்டும், மேயரம்மா."

"துணை மேயர்," என்றாள், பழக்கத்தில்.

கிளம்பும் முன் ஜூலியன் பேனாவைத் திறந்தான். அஞ்சலி உரையில் சேர்க்க, அன்னாரின் கடைசி வார்த்தைகள் ஏதாவது உண்டா? கிளெனிஸும் திரும்பிப் பார்த்தாள். அன்று ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"திருப்பிப் போடு," என்றான் வாரன். "அவ்வளவுதான் சொன்னா. 'வாரன், திருப்பிப் போடு.' முதுகு வலிக்குதுபோலன்னு நர்ஸும் நானுமா அவளைத் திருப்பிப் படுக்க வெச்சோம். அப்புறம் பேசலை."

ஜூலியன் பேனாவை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில், சாலையோரத்தில் பணப்பையைக் கண்டெடுத்தவனின் வெளிச்சம் பரவியது.

"பக்கத்தைத் திருப்பிப் போடு," என்றான் மெதுவாக. "எப்பேர்ப்பட்ட வார்த்தை. இதை அஞ்சலி அட்டையிலேயே போட்டுடலாம்."

*

ஜூலைக் குளிர்காலத்து ஸ்டோவர்முனையில் மதியம் என்பது பெயருக்குத்தான். மூன்று மணிக்கே கடல் பக்கத்திலிருந்து மூட்டம் வந்து கராஜ் ஜன்னலை மூடிவிட்டது. குளிரில் பசை காயாது என்பதால் விறகடுப்பை மூட்டி, ஃபோம் துண்டுகளை அதற்கெதிரில் வரிசையாக நிறுத்தினான். ஃபோமோடு ஃபோமை ஒட்ட, இரண்டு பக்கமும் பசை பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான்; பிரிக்க முடியாது. பலர் அவசரத்தில் ஈரத்திலேயே ஒட்டிக் கெடுப்பார்கள். கல்யாணங்களையும் அப்படித்தான் என்று மெரில் சொல்வாள்.

துணிதான் பயம். வெல்வெட் இன்னொரு முறை கிடைக்காது. ஊர் ஹாலைப் புதுப்பித்தபோது மேடைத் திரையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். கிளெனிஸ் முன்வாசலில் நாடா வெட்டிக்கொண்டிருக்க, மெரில் பின்வாசல் குப்பைத் தொட்டிக்குள் இறங்கி, கிழியாத பாகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கடுகு மஞ்சள். வெளிச்சத்தில் பொன் மாதிரி இருக்கும். இடுப்புப் பட்டைக்கும் தலைத்துணிக்கும் போக இரண்டு கைப்பட்டைக்குச் சரியாக மிச்சம் வைத்திருந்தாள். வெல்வெட்டின் முடி எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்து, சாக்பீஸால் அச்சை வரைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். உள் துணிக்குப் பழைய சட்டை. தையல் மெஷினில் நூல் கோக்க, வாழ்நாளில் அடைப்பெடுத்த எல்லாக் குழாய்களையும்விட அதிக நேரம் பிடித்தது. தையல் நேராகப் போகவில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போனது. ஆனால் போய்ச் சேர்ந்தது.

உறையைப் புரட்டி ஃபோமைச் செருகினான். இறுக்கமாக, சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. வாரனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. இரண்டையும் எடுத்துத் தன் கைகளில் மாட்டிப் பார்த்தான்.

இடக்கையில் அலை மணிக்கட்டைத் தாண்டிக் கட்டைவிரலை நோக்கி அழகாக ஏறியது.

வலக்கையில் அது சுண்டுவிரலை நோக்கி ஏறியது.

கழற்றி மறுபடி மாட்டினான். கையிலேயே சுழற்றிப் பார்த்தான். அலை சரியாக வந்தால், அடியில் இருக்க வேண்டிய கட்டுகிற திறப்பு கையின் மேலே வந்தது. தலைகீழாகப் போட்டால் அலை முழங்கையைப் பார்த்துப் போனது, ஆறு மலைக்குத் திரும்புகிற மாதிரி. வலக்கையில் இருந்ததைக் கழற்றி இடக்கையில் போட்டான். கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டும் இடக்கை.

விழாக்களில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. இரண்டு இடது செருப்பு, இரண்டு இடது தோள்கவசம் என்று நிற்பார்கள், மெரில் போய்த் தட்டிக்கொடுப்பாள். ஒரே அச்சை வைத்து இரண்டை வெட்டினால் இரண்டும் ஒன்றாகத்தானே வரும். முதலாவதை வெட்டிவிட்டு, இரண்டாவதுக்கு அச்சைக் குப்புறக் கவிழ்த்து—

வாரன் அப்படியே நின்றான்.

பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ஹீட் கன் ஆறிக்கொண்டே டிக், டிக் என்றது. அவளைத் திருப்பிப் படுக்கவைத்தபோது நர்ஸ் தோளைப் பிடித்தாள், அவன் இடுப்பைப் பிடித்தான். சுவரைப் பார்க்கப் போட்டார்கள். மெரில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நீண்ட மூச்சு மட்டும் விட்டாள். வலி குறைந்ததால் விட்ட மூச்சு என்று இந்த இரண்டு நாளும் அவன் நினைத்திருந்தான்.

அடுப்பில் விறகு சரிந்தது. எழுந்துபோய் ஃபோம் பாயில் இன்னொரு துண்டுக்கு அச்சை வைத்தான். திருப்பிப் போட்டு. ஃபோம் நிறைய இருந்தது. வெல்வெட்தான் கைக்குட்டை அளவுகூட மிச்சமில்லை. அந்தத் திரை ஊரில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்தான். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தான்.

*

கிளெனிஸ் வீட்டு முன்னறையில், யாரும் உட்காரக் கூடாத நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் யாரும் சாயக் கூடாத ஒரு திண்டு. ஹால் கமிட்டி, பழைய திரையைக் குப்பையில் போடுமுன் வெட்டியெடுத்த நல்ல பாகத்தில் தைத்துப் பரிசளித்தது. முன்பக்கத்தில் நீல நூலில் பூவேலை: 'துணை மேயர் கிளெனிஸ் ஹோல்ப்ரூக் அவர்களின் அயராத சேவைக்கு.' மாலை வெயில் பட்டு நிறம் போகாதிருக்க அதற்கென்று ஒரு ஜன்னல் சீலை.

அவள் ஆட்டுக்கறியும் பட்டாணியும் தட்டில் வைத்து, தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வாரன் உட்காரவில்லை. கைப்பட்டை இரண்டையும் மேஜைமேல் வைத்தான். திண்டு வேண்டும் என்றான்.

"எந்தத் திண்டு?" என்றாள், வீட்டில் பத்துத் திண்டு இருப்பதைப் போல.

அவன் விஷயத்தைச் சொன்னான். எடுத்தது இடக்கை அச்சு மட்டும்தான் என்பதையும், வலதுக்கு அப்புறம் சொல்கிறேன் என்று மெரில் சொல்லியிருந்ததையும், கடைசியில் என்ன சொன்னாள் என்பதையும். சொல்லும்போது கிளெனிஸின் முகத்தைப் பார்க்காமல், பட்டாணியைப் பார்த்துச் சொன்னான்.

கிளெனிஸ் கைப்பட்டை இரண்டையும் எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அவ அச்சைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கா."

"ஆமா."

"நீங்க ரெண்டு பேரும் அவளைத் திருப்பிப் போட்டுட்டீங்க."

"நர்ஸ் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்."

கிளெனிஸின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அவன் பதறி நிமிர்ந்தான். சிரிப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, துணை மேயர் சிரித்தாள். வாரனுக்கும் தொற்றிக்கொண்டது. ஆட்டுக்கறி ஆறிப்போய் மேலே வெள்ளையாகக் கொழுப்புப் படியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் சிரித்தார்கள்.

"ஜூலியன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இல்லை."

"சொல்லாத. அட்டை அச்சடிக்கப் போயிடுச்சு."

உள்ளே போனாள். சிறிய கத்தரியோடு வந்தாள். நாற்காலியில், அந்த நாற்காலியிலேயே, உட்கார்ந்து திண்டை மடியில் கவிழ்த்து, ஓரத்தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுக்க ஆரம்பித்தாள். பின்பக்கம் வெறும் வெல்வெட். மேல்துணிக்கு அது போதும். உள்ளுக்கு என் சட்டைத் துணி மிச்சமிருக்கிறது, பூவேலை செய்த முன்பக்கத்தை நீயே வைத்துக்கொள், சட்டம் போட்டு மாட்டலாம் என்றான் வாரன். அவள் அதையும் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

கராஜுக்கு வந்து மெரிலின் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் வாரன் தைத்ததைத் தூக்கிப் பார்த்தாள். "இது என்ன, தையலா, பாம்பு போன தடமா?" என்றாள். பள்ளியில் தையல் பரிசு வாங்கியவள் தான்தான், மெரில் இல்லை என்பதையும் அவனுக்கு நினைவுபடுத்தினாள். அவன் ஃபோமைச் சூடாக்கிக் குழாயில் வளைத்தான். அது என்ன குழாய் என்று அவள் கேட்டபோது, தண்ணீர்க் குழாய் என்றான். வெட்டும் முன் அவள் மூன்று தடவை கேட்டாள், திருப்பிப் போட்டாயா, திருப்பிப் போட்டாயா என்று. மூன்று தடவையும் அவன் கையை மேலே வைத்துக் காட்டினான்.

உள் துணிக்கு அவன் சட்டைத் துணியை நீட்டினான். கிளெனிஸ் அதை ஒதுக்கிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து பூவேலைத் துணியை எடுத்தாள்.

"இதையே போடு."

"எழுத்து உள்ளுக்குப் போயிடும். யாருக்கும் தெரியாது."

"தெரியும்," என்றாள். கத்தரியை அவனிடம் நீட்டினாள்.

அச்சை வைத்து வெட்டியபோது 'துணை மேயர்' போனது. 'அயராத சேவை'யும் போனது. நடுவில் 'கிளெனிஸ்' மட்டும் முழுசாக நின்றது.

*

காலையில் ஜூலியனின் ஆட்கள் அங்கி உடுத்திவிட்டிருந்தார்கள். கைப்பட்டையை நான்தான் கட்டுவேன் என்று வாரன் அமைதிக் கூடத்துக்குள் போனான். உறுமல் சத்தத்துக்கு நடுவில், இடதை முதலில் கட்டினான். வலதைக் கட்டக் கிளெனிஸ் கையைத் தூக்கிப் பிடித்தாள். மணிக்கட்டில் டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் இன்னும் நீலமாக இருந்தது. அலை அதை மூடியது. இரண்டு அலையும் இரண்டு கட்டைவிரலை நோக்கி ஏறி, கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்தபோது ஒன்றையொன்று பார்த்து நின்றன. முத்துமாலைப் பெட்டியைக் கிளெனிஸ் திறக்கவில்லை.

மக்கள் வந்தார்கள். மேயர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய சாவுக்கோ வந்துவிட்டோமோ என்று சுவரில் பெயரைத் தேடினார். ரோட்டரிக்காரர்கள் தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பள்ளி பஸ் ஓட்டுகிற ரெனே வந்தாள். மெரிலின் விழாத் தோழி, கறுப்பு உடைக்கு மேல் ஏதோ ஒரு தொடரின் சிவப்புப் போர்வை. பெட்டியருகே நின்று, கீழிருந்து மேல்வரை தையல் தையலாகப் பார்த்தாள். கைப்பட்டைக்கு வந்ததும் தலையாட்டினாள். பிறகு போனைக் கையில் எடுத்து, பழக்கத்தில், மெரிலைப் பார்த்தே கேட்டாள்:

"படம் எடுக்கலாமா?"

உடை போட்டவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். கேட்டுவிட்டு ரெனே காத்திருந்தாள். கேட்டது யாரை என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. போன் பாதி உயரத்தில் நின்றது.

"எடுத்துக்கோ," என்றாள் கிளெனிஸ், நகரசபையில் தீர்மானத்தை நிறைவேற்றுகிற குரலில். "கை ரெண்டும் தெரியற மாதிரி எடு."

அஞ்சலி உரை நீளமாகத்தான் இருந்தது. ஜூலியன் பஞ்சைப் பிரித்துக் குரலை வெளியே விட்டிருந்தான். வாழ்க்கை ஒரு புத்தகம் என்றான், மரணம் அதன் ஒரு பக்கம் என்றான். கடைசி மூச்சில், துணைவரின் கையைப் பற்றி, நம் எல்லோருக்குமாக அவர் விட்டுச்சென்ற இரண்டே சொற்கள் என்றான். எல்லார் கையிலும் இருந்த அட்டையில் சூரியோதயப் படத்துக்குக் கீழே அந்த இரண்டு சொற்களும் வளைந்த எழுத்தில் மினுங்கின. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வாரன் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிளெனிஸின் தோள் ஒரு தடவை குலுங்கி நின்றது. மேயர் ஆதரவாக அவள் முதுகில் கை வைத்தார்.

பெட்டி மூடும் முன் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். வாரன் குனிந்து, முழங்கைப் பக்கத்து வாயில் இரண்டு விரலை விட்டு ஃபோமை உருவினான். இடது சட்டென்று வந்தது. வலது கொஞ்சம் பிடித்தது. கிளெனிஸின் தையல் அப்படி. மெதுவாக, துணி சுருளாமல், பிடித்துப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. வெல்வெட் உறை அவள் கையின்மேல் தளர்ந்து படிந்தது.

*

தகன நிலையத்துக்குப் பெட்டி போன பிறகு ஹாலில் டீயும் சாஸேஜ் ரோலும் இருந்தன. மேயர் தன் காரில் இடமிருக்கிறது என்றார். கிளெனிஸ் கேட்காததைப் போல நடந்து வந்து வாரனின் பிக்கப்பில் ஏறினாள். சீட்டின்மேல் ஃபோம் துண்டு இரண்டும் கிடந்தன. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெல்ட்டைப் போட்டாள்.

மழை தூறியது. கடலோரமாக வண்டி போயிற்று. கிளெனிஸ் ஒன்றைத் தொடையின்மேல் வைத்து உள்ளங்கையால் தட்டையாக அழுத்தினாள். கையை எடுத்ததும் அது மறுபடி வளைந்துகொண்டது. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"சூடு காட்டி வளைச்சது," என்றான் வாரன். "நிமிராது."

பாலம் தாண்டியபோது கோட்டுக் கையின்மேலேயே அதை முன்கையில் மாட்டிக்கொண்டாள். வாரன் ஓரக்கண்ணால் பார்த்தான். அலை முழங்கையைப் பார்த்து இருந்தது.

"திருப்பிப் போடு," என்றான், சாலையைப் பார்த்தபடியே.

திருப்பிப் போட்டாள். வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. ஹால் வாசலில் ஆட்கள் டீக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். வண்டி நின்றதும் கிளெனிஸ் அந்தக் கையாலேயே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.